நம் இருக்கையில் இருப்பவன்

பைதோவா
பிப்ரவரி 11

அன்புத் தங்கை அம்பரோவுக்கு அண்ணன் டீரியே எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். என் முழங்காலைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் சுகம். நைரோபியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் வாய் சுகமாக இருக்கும் என்று தெரியும், அதை விசாரிக்கவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். இங்கே என் போனில் என்னோடு சேர்ந்து இன்னும் நாலு பேர் மூச்சு விடுகிறார்கள். வாயில் அடக்கி மெல்லும் காத் இலையைத் தினமும் நைரோபியிலிருந்து ஏற்றிவரும் விமானம் திரும்பும்போது காலியாகத்தான் போகிறது. அதில் மூட்டை இறக்கும் கெல்லே நம்பிக்கையான ஆள். இனி அவனே நம் தபால்காரன்.

நாடாளுமன்றம் ஒரு தானியக் கிடங்கில் கூடுகிறது. பேச வாயைத் திறந்தால் சோள வண்டு உள்ளே போகிறது. ஆனால் பிரதமரே நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீரியே, இனிமே கால்நடைத் துறைக்கு நீங்கதான் அமைச்சர்" என்று சொல்லிவிட்டார். துணை அமைச்சர் இல்லை அம்பரோ, அமைச்சர்! நம் வம்சத்துக்குக் கிடைத்தது ஒரே ஓர் இருக்கை. அதில் உட்காரப் பெரியவர்கள் என்னைத்தானே மரத்தடியில் தேர்ந்தெடுத்தார்கள்? சுகுல்லே சித்தப்பா கண் கலங்கிவிட்டார். காரும் நான்கு காவலர்களும் கொடுத்திருக்கிறார்கள். நால்வரும் நம் வம்சத்துப் பிள்ளைகள்.

தம்பி லீபானிடம் சொல், அண்ணனுக்குச் சாம்பல் நிறத்தில் கோட்டுத் துணி வேண்டும் என்று. துஆ செய்.

டீரியே

---

நைரோபி, ஈஸ்லி
பிப்ரவரி 25

அமைச்சர் பெருமானுக்கு அம்பரோவின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம், வாய் உட்பட. முழங்காலுக்கு எள்ளெண்ணெய் தேய்த்தீர்களா, இல்லை அதற்கும் ஒரு செயலாளர் வைத்திருக்கிறீர்களா?

சந்தோஷம் அண்ணா. பொய் சொல்லவில்லை, தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். "அந்த ஆட்டு டாக்டரா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி. ஆமாம், அந்த ஆட்டு டாக்டர்தான் என்றேன்.

லீபான் துணி வெட்டி வைத்துவிட்டான். கடையில் ஒரு பெண் காலையிலிருந்து அடுக்கையெல்லாம் கலைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாள். இவன் பல்லைக் காட்டிக்கொண்டே மறுபடி மடித்து வைக்கிறான். இப்படி வியாபாரம் செய்தால் விளங்கினாற்போலத்தான். "அண்ணன் மந்திரி, அப்போ நான் மந்திரியோட தம்பி. அந்த வேலைக்கு நாற்காலிகூட வேண்டாம்" என்கிறான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதே. அந்த நாற்காலி உன்னுடையது இல்லை. அது வம்சத்துடையது, நீ அதில் விரித்த துணி. துணிக்குக் கோபம் வரக்கூடாது. உனக்கு வரும். எனக்குத் தெரியும்.

அம்பரோ

---

பைதோவா
மார்ச் 19

தங்கைக்கு ஸலாம். நலம். நீ கேள்விப்பட்டதில் பாதி பொய். நான் எறிந்தது நாற்காலி இல்லை, ஃப்ளாஸ்க்.

நடந்தது இதுதான். பக்கத்து நாட்டுப் படையை உள்ளே விடுவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. விடலாம் என்று கை தூக்கச் சொல்லிச் சித்தப்பா ஆள் அனுப்பினார். படை வந்தால் சாமான் ஏற்ற லாரி வேண்டும், நம்மவர்களிடம் லாரி இருக்கிறது, அவ்வளவுதான் அவருடைய அரசியல். நான் கை தூக்கவில்லை. எதிர் வரிசையிலிருந்து கூரே எழுந்தார். நம் அயல் வம்சத்துப் பெரியவர், நம் வாப்பாவின் நண்பர், எல்லாம் சரி. அத்தனை பேர் முன்னால் கேட்டார்: "ஆட்டுக்குப் பின்பக்கம் ஊசி போட்டவனுக்கு நாட்டோட முன்பக்கம் எதுன்னு தெரியுமாடா?" சபையே சிரித்தது. கையில் இருந்ததை எறிந்துவிட்டேன். அவர் நெற்றி கிழிந்து தாடியில் ரத்தம்.

நம் பெரியவர்கள் அன்றே கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். நான் கூரே வீட்டுக்குப் போய் அவர் தலையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். போகமாட்டேன் என்றேன். சித்தப்பா மூன்று தடவை வந்தார். கடைசித் தடவை சொன்னேன், "நான் இந்த நாட்டோட அமைச்சர். உங்க ஒட்டகம் மேய்க்கிற பையன் இல்ல." அவர் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

நான் சொன்னது தப்பா? நீயே சொல்.

டீரியே

---

நைரோபி
ஏப்ரல் 12

அண்ணாவுக்கு ஸலாம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்கு உடம்பு சரியில்லை.

மூச்சு முட்டுகிறது. படியேறினால் நெஞ்சு அடைக்கிறது. டாக்டர் ஏதேதோ சொல்கிறார். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இலை விமானத்திலேயே ஏறி வந்துவிடு. கெல்லேயிடம் சொல்லியிருக்கிறேன். பெட்டி, கோப்பு ஒன்றும் எடுக்காதே, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம், வீணாகக் கூட்டம் கூடும்.

சுகுல்லே சித்தப்பாவின் மனைவி மூமினோ சித்தி கண் ஆபரேஷனுக்காக இங்கே வந்து நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது. உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

சீக்கிரம் வா.

அம்பரோ

---

பைதோவா
ஏப்ரல் 20

அம்பரோ, ஸலாம். உன் உடம்பைப் பற்றி லீபானிடம் போனில் கேட்டேன். "அக்காவா? காலைல மூணாவது மாடிவரைக்கும் தண்ணிக் கேனைத் தூக்கிக்கிட்டு போனாளே" என்கிறான். சிறு வயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் எதற்காகச் சொன்னாய் என்றுதான் இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

இங்கே என்னவோ சரியில்லை. யாரும் என்னைத் திட்டுவதில்லை. அதுதான் சரியில்லை. காவலர்களில் ஒருவன் தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று போனான், அடுத்தவன் கல்யாணம் என்றான். மற்ற இருவரும் காரணம்கூடச் சொல்லவில்லை. கிடங்கிலிருந்து வீட்டுக்கு வரும்போது கார் நிறைய ஆள் ஏறும், உனக்குத் தெரியுமே நம்மவர்களை. இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாலும், "இருக்கட்டுங்க, நடந்தா உடம்புக்கு நல்லது" என்கிறார்கள். அந்த வெயிலில்! நேற்று சாப்பாட்டில் எனக்குத் தனித் தட்டு வைத்தார்கள். நம் வாழ்நாளில் நாம் தனித் தட்டில் சாப்பிட்டிருக்கிறோமா?

சித்தப்பாவைப் பாதையில் பார்த்தேன். கோபம் கொஞ்சமும் இல்லை. தோளில் கை போட்டு, வழக்கத்தைவிட நீண்ட நேரம் நலம் விசாரித்தார். பிறகு கேட்டார், "நம்ம லீபான் இப்போ எப்படி இருக்கான்? சதை போட்டிருக்கானா, அப்படியே ஒல்லியாத்தான் இருக்கானா?"

மூமினோ சித்தி என்ன சொன்னாள்? எழுது.

டீரியே

---

நைரோபி
ஏப்ரல் 28

அண்ணா, ஸலாம். பொய் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். உண்மையைக் காகிதத்தில் வைக்கக் கை வரவில்லை. இப்போது வைக்கிறேன்.

கிணற்றடி மரத்தின் கீழ் உன்னைப் பற்றிக் கூட்டம் நடந்திருக்கிறது. தேநீர் கொண்டுபோனது மூமினோ சித்தி. பக்கத்தில் பெண் இருப்பதை ஆண்கள் கவனிப்பதில்லை, அதுதான் நமக்கு வசதி. தீர்ப்பை மதிக்காதவனின் பழியை வம்சம் எதற்குச் சுமக்க வேண்டும் என்று ஒருத்தர் ஆரம்பித்தாராம். கடைசியில் சித்தப்பா எழுந்து நின்று சொன்னாராம்: "நம்ம இருக்கைல இருக்கறவனோட ரத்தம் இனிமே நம்ம ரத்தம் இல்ல. யாரு சிந்தினாலும் நாம கேக்க மாட்டோம்." எல்லோரும் ஆமீன் சொல்லியிருக்கிறார்கள். உன் பெயரைக்கூட வாயால் சொல்லவில்லை அண்ணா. அத்தனை கேவலமாகிவிட்டாயா அவர்களுக்கு?

சொல் கூரேயின் ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தானே சொன்னார்கள்? நம் நாட்டில் அரசாங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மனிதனை உயிரோடு வைத்திருப்பது என்ன? இவனைத் தொட்டால் இவன் ஆட்கள் கேட்க வருவார்கள் என்ற பயம் ஒன்றுதான். அதை உருவிவிட்டார்கள். நீ இப்போது கூடு இல்லாத ஆமை.

இருக்கையை விட்டுவிடு. "என் வம்சத்தின் இருக்கையை என் வம்சத்துக்கே திருப்பித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வா. அவர்கள் லீபானைத்தான் கேட்கிறார்கள், அளவு வரை விசாரித்துவிட்டார்கள். அவனுக்கு யாரோடும் பகை இல்லை. கை தூக்கச் சொன்னால் இரண்டு கையையும் தூக்குவான். அவனிடம் நானே பேசினேன். "அண்ணன் உயிரோட வரணும்னா நான் எங்க வேணும்னாலும் போய் உக்காருறேன்" என்றான்.

என் தலை மேல் ஆணை, வா.

அம்பரோ

---

பைதோவா
மே 8

அம்பரோ, ஸலாம்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடங்கில் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். கூரே மட்டும் தலையாட்டினார், நெற்றியில் தழும்பு நன்றாகத் தெரிகிறது. எனக்கு அழுகை வந்தது, உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்? அந்த வண்டு பிடித்த கிடங்கை நான் அவ்வளவு நேசித்திருக்கிறேன்.

சித்தப்பா கட்டிப்பிடித்துக்கொண்டார். "அந்தச் சொல்லை எப்போ எடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன். சொன்ன இடத்திலேயே, சொன்னவர்கள் எல்லோரும் கூடித்தான் எடுக்க வேண்டுமாம். மழை இறங்கிவிட்டது. ஆண்கள் ஒட்டகங்களோடு புல்லைத் தேடிப் போய்விட்டார்கள், ஒருவர் கிழக்கே, ஒருவர் எல்லை தாண்டி. "ஜனங்க திரும்பட்டும், உக்காருவோம்" என்றார். எனக்கென்ன, நான்தான் நைரோபிக்கு வந்துவிடுகிறேனே.

லீபான் திங்களன்று வரட்டும். அவன் இறங்குகிற விமானத்திலேயே நான் ஏறுகிறேன்.

டீரியே

---

பைதோவா
ஜூன் 2

என் அருமை அக்காவுக்கு, மாண்புமிகு லீபான் எழுதுவது! சிரிக்காதே. ஸலாம். உடம்பு நன்றாக இருக்கிறது. அண்ணன் எப்படி இருக்கிறார்? கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களை விரட்டிக்கொண்டிருப்பார். நீல அடுக்கைத் தொட வேண்டாம் என்று சொல், அது பெருநாளைக்கு.

பதவி ஏற்றுக்கொண்டேன். சித்தப்பா தைத்து வைத்திருந்த கோட்டு அளவு எடுத்தது போல் பொருந்தியது. பக்கத்தில் இருப்பவர் கை தூக்கினால் நானும் தூக்குகிறேன், அவர் தூங்கினால் நானும் தூங்குகிறேன். இந்த வேலைக்கா அண்ணன் இத்தனை ரத்தக் கொதிப்பு வாங்கினார்?

கூரேயின் வீட்டுக்குப் போய் அண்ணனுக்காக நானே அவர் தலையில் முத்தமிட்டேன். அவர் பதில் முத்தம் தரவில்லை. கிழவர்தானே, போகட்டும். வாசல் வரை அவர் பேரன்கள் என் பின்னாலேயே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்கள். கார் மேல் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசை!

காவலர்கள் இன்னும் லீவிலிருந்து திரும்பவில்லை. எனக்கு எதற்குக் காவல்? கார் முழுக்க எனக்கு மட்டும்தான் அக்கா, சுல்தான் மாதிரி. எத்தனை பேரைக் கூப்பிட்டாலும் ஏற மாட்டேன் என்கிறார்கள், ரொம்ப மரியாதை. சாப்பாட்டில்கூடத் தனித் தட்டு. மந்திரியின் தம்பியாக இருந்தபோது இந்த மரியாதை கிடைக்கவில்லை.

என் மனைவிக்கும் வாண்டுகளுக்கும் முத்தம்.

லீபான்

---

நைரோபி
ஜூன் 5

லீபான், காரில் ஏறாதே. இதைப் படிக்கும்போது காரில் இருந்தால் இறங்கு.

உன் கடிதம் இன்றுதான் வந்தது. உன் போன் எடுக்கவில்லை. தனித் தட்டு என்று படித்ததும் மூமினோ சித்தியை எழுப்பினேன். "அன்னிக்கு மரத்தடில பேரைச் சொன்னாங்களா, சொல்லலையா? நல்லா யோசிச்சு சொல்லு சித்தி."

"சொந்தப் புள்ளையோட பேரை அந்த மாதிரி வார்த்தைக்குள்ள யாராச்சும் வைப்பாங்களாடி? நம்ம இருக்கைல இருக்கறவன்னுதான் சொன்னாங்க. காலங்காலமா அப்படித்தான்."

அந்தச் சொல்லை யாரும் எடுக்கவில்லை, லீபான். எடுக்க வேண்டியவர்கள் புல்லுக்குப் பின்னால் போயிருக்கிறார்கள். இப்போது இருக்கையில் இருப்பது நீ. கூரேயின் பேரன்களுக்கு அண்ணன் வேறு, தம்பி வேறா? நம் ஊரில் யாருக்கு அப்படி? நான் முட்டாள். அண்ணனும் முட்டாள். அவனை வெளியே இழுப்பதிலேயே குறியாக இருந்தோம்.

கெல்லேயின் கூடவே வந்துவிடு. செருப்புக்கூட வேண்டாம். வா தம்பி.

அக்கா

---

பைதோவா
ஜூன் 14

மகள் அம்பரோவுக்கும் மகன் டீரியேவுக்கும், சுகுல்லேயின் ஸலாம். வல்ல அல்லாஹ் உங்களுக்கும் லீபானின் மனைவி மக்களுக்கும் பொறுமையைத் தரட்டும். நாம் எல்லோரும் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்ப வேண்டியவர்கள்.

லீபானின் ஜனாஸாவுக்கு நல்ல கூட்டம். மழையையும் பாராமல் வந்தார்கள். உடலை நானே கபர்க் குழியில் இறக்கினேன். கார் பாலத்தடியில் வேகம் குறைந்தபோது நடந்தது, அதிக வலி இருந்திருக்காது என்கிறார்கள். யார் என்று நமக்குத் தெரியாது. தெரிந்தாலும், கூட்டத்தின் சொல் இன்னும் எடுக்கப்படாமல் இருப்பதால், இந்த ரத்தத்தைக் கேட்க முறைப்படி வழியில்லை. இது யாருடைய குற்றமும் இல்லை, மழை இந்த வருடம் முன்னதாகப் பெய்துவிட்டது. அம்பரோ, நீ அவனுக்கு எழுதிய கடிதம் அடக்கத்துக்கு மறுநாள் வந்தது. பிரிக்காமல் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். இருக்கை காலியாக இருக்கிறது. காலியாக விட்டால் அயலார் கண் வைப்பார்கள். உங்கள் வாப்பாவின் பிள்ளைகளில் மிஞ்சியிருக்கும் ஆண் டீரியேதான். அவன்மேல் இங்கே யாருக்கும் கோபமில்லை. அனுப்பி வை.

மூமினோவுக்குக் கண் எப்படி இருக்கிறது? கட்டு அவிழ்த்தார்களா?

சுகுல்லே

---

நைரோபி
ஜூன் 23

சித்தப்பாவுக்கு. ஸலாம் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

சித்திக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. நன்றாகத் தெரிகிறதாம். இனி உங்கள் முகத்தையும் நன்றாகப் பார்க்கட்டும்.

ஜனாஸாவுக்கு மழையையும் பாராமல் ஆட்கள் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வர முடியும்தானே? கபரைச் சுற்றி நின்ற கூட்டத்தை மரத்தடிக்கு நடத்திப் போக எத்தனை நேரம் ஆகியிருக்கும்? சொன்னவர்கள் எல்லோரும் கூட வேண்டுமென்று இப்போது சட்டம் பேசுகிறீர்கள். சொல்வதற்கு நாக்கு இருந்தது, எடுப்பதற்கு ஒட்டகம் வர வேண்டுமா?

லீபான் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அவன் ரத்தத்துக்குக் கேட்பார் இல்லை என்று அவன் மனைவியிடம் நான் எந்த வாயால் சொல்வேன்? அவள் கடைசிப் பிள்ளை அவன் செருப்பைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது.

முதலில் உட்காருங்கள். சொல்லை எடுங்கள். லீபானின் ரத்தம் எங்கள் ரத்தம் என்று அவன் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள், வாய் வலிக்காது. அதன் பிறகு இருக்கையைப் பற்றிப் பேசலாம். அதுவரை அதில் ஒரு கல்லைத் தூக்கி வையுங்கள். கை தூக்காது, ஃப்ளாஸ்க் எறியாது, உங்களுக்கு ஏற்ற உறுப்பினர்.

டீரியே வரமாட்டான். நான் உயிரோடு இருக்கும்வரை வரமாட்டான்.

அம்பரோ

---

பைதோவா
ஜூன் 27

தங்கைக்கு ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால்கூட வலிக்கவில்லை. நீ அழுதிருப்பாய், பிறகு திட்டியிருப்பாய். இரண்டும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

சொல்லாமல் வந்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் வாசலில் குறுக்கே படுத்திருப்பாய். லீபானின் கடையில் ஒரு மாதம் உட்கார்ந்தேன். வருகிற பெண்கள் எல்லோரும், "அந்தச் சிரிச்ச தம்பி எங்கே?" என்று கேட்டார்கள். எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? கூட்டத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை நம் இருக்கையில் இருப்பவனுக்குத்தான் உண்டு. வெளியே நிற்பவன் கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். தம்பியின் ரத்தத்தைக் கேட்க வேண்டுமானால் உள்ளே உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். வேறு வழி இருந்தால் சொல், இப்போதே இறங்கி வருகிறேன்.

சித்தப்பாவுக்கு நீ எழுதியதைக் கெல்லேயிடமிருந்து வாங்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முன்னாலேயே முழுவதும் படித்தார். "உன் தங்கச்சி நல்லா எழுதறாப்பா" என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விமானத்தடிக்குப் பெரியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். லீபான் போன காரையே எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியெல்லாம் புதிதாக மாற்றி, உள்ளே துணியும் புதிதாகத் தைத்துப் போட்டிருக்கிறார்கள், நல்ல வேலைப்பாடு.

கார் ஏறும் முன் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டேன், "கூட்டம் எப்போ?"

"ஒட்டகங்க திரும்பட்டும்பா. மொதல்ல நீ உக்காரு" என்றார்.

இன்று காலை உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு என் ஸலாம்.

டீரியே